அணைத்த பிறகு பேசும் ஆம்ப்ளிஃபயர்

ஆவணி பௌர்ணமி அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஜியாவுல்லா தன் ஸ்கூட்டரைக் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் அந்த ஓட்டு வீட்டின் முன்னால் நிறுத்தினார். நிறுத்தினார் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஸ்டாண்டை அவர் உதைத்த உதையில் எதிர்ப் பெட்டிக்கடை நிழலில் கிடந்த நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? முப்பது வருஷமாக டவுனில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிற ஆள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், உருஸ், எந்த மைக்செட்காரனாக இருந்தாலும் செட் மக்கர் செய்தால் அவருடைய மேஜைக்குத்தான் வரவேண்டும். அந்த மேஜையை விட்டு இறங்கிய செட் திரும்பி வந்தது கிடையாது. அதுதான் அவருடைய கௌரவம், திமிர் எல்லாம். "முடியாதுன்ற வார்த்தையே பாய் வாய்ல வராது" என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவருக்கு ஒரு பிளேட் பிரியாணி சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரிடம் இந்த வீட்டு செட் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. கம்ப்ளைண்ட் ஒன்றேதான். ஹம். சுவிட்சைப் போட்டதும் ம்ம்ம் என்று காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இரைச்சல். பவர் சப்ளை கண்டென்சர் போனால் வருகிற சாதாரண வியாதி, பத்தாம் கிளாஸ் பையன்கூடச் சொல்லிவிடுவான். இரண்டு முறையும் புதுக் கண்டென்சர் போட்டார். இரண்டு முறையும் கடையில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பாடவிட்டார். தொண்டை சுத்தமாக இருந்தது. இங்கே கொண்டுவந்து போட்டால் மறுபடியும் ம்ம்ம்.

"நானே வர்றேன். அங்கயே உக்காந்து பாத்துக்கறேன்," என்று காலையில் போனில் கத்தியிருந்தார்.

எரிச்சலுக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதை அவர் தன் மனைவி மெஹ்ருன்னிசாவிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த செட் ஓர் ஆளைக் கொன்ற செட்.

போன கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள். கடையில் ஆறு செட் வரிசையில் நின்றது. இந்த வீட்டு மைக்செட்காரன் முருகவேல் வந்து, "அண்ணே, நாளைக்குக் கூட்டம் லட்சக்கணக்குல வரும். குழந்தைங்க தொலைஞ்சா நான்தான் அறிவிப்பு குடுக்கணும். எப்டியாவது முடிச்சுக் குடுங்க" என்றான். கையிருப்பில் இருந்த கண்டென்சர்கள் போலி. ஜியாவுல்லாவுக்கு அது தெரியும். அந்த லாட்டில் ஒன்றை அன்று காலையில்தான் அறுத்துப் பார்த்திருந்தார். வெளியே டம்ளர் அளவு டப்பா, உள்ளே சுண்டுவிரல் அளவு ஒரு குட்டிக் கண்டென்சர். முடியாது, நாளை மறுநாள் வா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. தீபம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே போட்டு அனுப்பினார்.

தீபத்தன்று சாயங்காலம் செட் படாரென்று வெடித்து நின்றது. அறிவிப்புக்காக அழுதுகொண்டு நின்ற ஜனம் நெருக்க, முருகவேல் அவசரத்தில் பிளக்கைப் பிடுங்காமலே மூடியைக் கழற்றிக் கையை விட்டான், கரண்ட் தூக்கி அடித்தது. தொலைந்த குழந்தைகள் எல்லாம் அன்றைக்கே கிடைத்துவிட்டன. அறிவிப்பு கொடுத்தவன்தான் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் சாவுக்கு வந்த ஜியாவுல்லா செட்டைத் திறந்து பார்க்கிற சாக்கில் வெடித்த கண்டென்சரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வோல்டேஜ் ஜாஸ்தியா வந்திருக்குது. யார் என்னா பண்ண முடியும்? விதி," என்றார். எல்லோரும் நம்பினார்கள். அதைவிடக் கொடுமை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

இன்றைக்கும் அவருக்கு இருந்த பயம் ஒன்றுதான். அது வெளியே வந்துவிடக் கூடாது. ஹம்மை நிறுத்த வேண்டும், எழுந்து போக வேண்டும், இந்த வீட்டு வாசலை இனி மிதிக்கக் கூடாது.

"வாங்க பாய்," என்றான் பரசுராமன். முருகவேலுக்கு அண்ணன். தம்பி போன பிறகு மைக்செட்டை இவன்தான் பார்க்கிறான். "ஆறு மணிக்கு ஜனம் வர ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள ஆயிருமா?"

"ஆகாம?" என்று எரிந்து விழுந்தார் ஜியாவுல்லா.

முன் அறை முழுக்க மைக்செட் சாமான். கூம்பு ஸ்பீக்கர்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்தன. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதையும் ஒயர்ச் சுருள்கள் மறைத்திருந்தன. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே கால் வைத்ததும் மாலை ஏழு மணி மாதிரி இருட்டு. தரையில் இருந்து ஈரச் சில்லிப்பு ஏறியது. மூக்கில் ஒரு நாற்றம் தட்டியது. மீன் கவுச்சி. கண்டென்சர் வெடித்து அதன் தண்ணீர் கசிந்தால் இந்த வாடைதான் வரும். ஆனால் வெடித்து ஒன்பது மாதம் ஆகிவிட்டதே என்று நினைத்தார். நினைத்ததை உடனே தள்ளிவிட்டார்.

செட்டைத் திறந்தார். அவர் போட்ட கண்டென்சர்கள் இரண்டும் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றன. மீட்டர் வைத்தார். நல்ல கண்டென்சர். டயோடு பார்த்தார். நல்லது. எர்த் பார்த்தார். நல்லது. சுவிட்சைப் போட்டார்.

ம்ம்ம்ம்ம்.

"சனியனே!" என்றார் செட்டைப் பார்த்து. ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். ம்ம்ம் குறையவில்லை. வெறுத்துப்போய் சுவிட்சை அணைத்தார்.

ஹம் நின்றது. அது நின்ற இடத்தில், ஒரு நொடி, கூம்பு பேசியது.

"...றிவிப்பு."

ஜியாவுல்லா பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் தரையைப் பார்த்தான்.

"மைக்கைக் கழட்டுய்யா. யாராவது பேசிட்டுப் போறாங்க, அதை எடுக்குது," என்றார்.

"மைக்கு மாட்டவே இல்ல, பாய்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தொழில்காரன் புத்தி உடனே ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது. கரண்டை நிறுத்தினாலும் கண்டென்சரில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் ஒரு குடம் தண்ணீர் வருகிற மாதிரி, அந்த மிச்சத்தில் செட் ஒன்றிரண்டு நொடி உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் எங்கேயோ போகிற ரேடியோவை இழுத்திருக்கும். அவ்வளவுதான். போட்டார். ம்ம்ம். அணைத்தார்.

"பக்தர்களின் கவன..."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். மலையைச் சுற்றுகிற எல்லோருக்கும் தெரியும்.

"இத்தத்தான் பாய் உங்ககிட்ட சொல்லல," என்றான் பரசுராமன் மெதுவாக. "சொன்னா செட்டையே தொட மாட்டீங்கன்னு பயம். ஹம் போயிட்டா இதுவும் போயிரும்னு நெனச்சோம்."

உள் அறையின் கதவு நிலையில் அருணாதேவி நின்றிருந்தாள். முருகவேலின் மனைவி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஹம் நிற்கிற நேரத்தில் அவளுக்கு அந்த இடத்துக்கு வந்து நிற்பது பழக்கமாகியிருக்க வேண்டும். நிலையில் அவள் தோள் சாய்கிற இடம் எண்ணெய் படிந்து கறுத்திருந்தது.

"விட்ட எடத்துலருந்து பேசறாரு, அண்ணா," என்றாள். அவரை அவள் எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். "தெனமும் அரை வார்த்தை, ஒரு வார்த்தை. மறுநாள் திரும்ப மொதல்லருந்து. நான் போட்டுப் போட்டு நிறுத்திப் பாத்துட்டேன். சில நாளைக்கு ஒண்ணுமே வராது."

ஜியாவுல்லாவுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் ஏன் ஓடினான் என்பார்கள். செட் அவரைத் தோற்கடித்துவிட்டது என்பார்கள். யா அல்லா, அந்த நிலையிலும் மனிதனுக்குக் கௌரவம் பார்க்கத் தோன்றுகிறது பாருங்கள்.

"எல்லாம் ரேடியோ. பெரிய கண்டென்சரா போடறேன், ஹம் செத்துரும்," என்றார்.

பெட்டியில் இருந்து இரண்டு மடங்கு பெரிய ஜோடியை எடுத்தார். ஈயம் வைக்கிற அயர்ன் சூடானது. பழையதைப் பிடுங்கி, கால்களைச் சுரண்டி, ஈயம் வைத்தார். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. ஒரே ஒரு தடவை அயர்ன் நழுவி வலது கட்டைவிரலில் இருந்த பழைய சூட்டுத் தழும்பின் மேலேயே இழுத்தது. வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையை மென்று விழுங்கினார்.

போட்டார். ஹம் பாதியாகக் குறைந்திருந்தது. "பாத்தியா?" என்றார் பரசுராமனிடம், வெற்றியோடு. சுவிட்சை அணைத்தார்.

"...த்திற்கு. கீழ்க்கண்ட அடையாளம் உள்ளவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆண். வயது ஐம்பத்து மூ..."

பரசுராமன் கூம்பை விட்டு ஓர் அடி பின்னால் போனான்.

அடையாளம் முதலில், பெயர் கடைசியில். அது முருகவேலின் வழக்கம். மற்ற மைக்செட்காரர்கள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். முருகவேல் அப்படிச் செய்ய மாட்டான். "பேரைச் சொன்னா எவனுக்கோன்னு நடந்து போயிட்டே இருப்பாங்க அண்ணே. அடையாளத்தைச் சொன்னா பக்கத்துல வர்றவனைத் திரும்பிப் பாப்பாங்க" என்பான். அவன் குரல் கேட்டால் மலை சுற்றுகிற மொத்த ஜனமும் ஒரு கணம் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்.

"இன்னிக்குப் பேச்சு நீளமாச்சு," என்றாள் அருணாதேவி.

கதவு நிலையை விட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். மைக்செட்காரன் பெண்டாட்டி, விவரம் தெரிந்தவள்.

"டப்பா பெருசானா கரண்டு ஜாஸ்தி நிக்கும், இல்லண்ணா? ஜாஸ்தி நின்னா ஜாஸ்தி பேசுவாரு."

ஜியாவுல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அட, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஹம்மை அடக்கப் பெரிதாகப் போடப் போட, செத்தவனுக்குப் பேச நேரம் கூட்டிக்கொண்டே போகிறேன்.

"அப்டிலாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனாரு. சோத்தைப் போட்டு வெச்சிட்டு உக்காந்திருந்தேன். முடிக்கட்டும்ண்ணா. என்னமோ சொல்ல வர்றாரு, முழுசா சொல்லி முடிக்கட்டும்."

"தேவி, வேணாம்மா," என்றான் பரசுராமன்.

ஜியாவுல்லாவின் மூளை வேறு பக்கம் ஓடியது. ஐம்பத்து மூ என்றால் என்ன? ஐம்பத்து மூன்று. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? அந்த வாயை அடைக்க வேண்டும். அதற்கு வழியும் இருந்தது. கண்டென்சரின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் மிச்சக் கரண்ட் அதில் இறங்கிக் கரைந்துவிடும். அணைத்த நொடியில் செட் பிணமாகிவிடும்.

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ரெசிஸ்டரை வைத்து ஈயம் போட்டார். அருணாதேவி குனிந்து பார்த்தாள்.

"அது இன்னாண்ணா, குறுக்கால?"

"ஹம்முக்கு."

பொய் சுலபமாக வந்தது. ஒன்பது மாதப் பழக்கம்.

போட்டார். அணைத்தார். பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

நிசப்தம்.

ஒரு நொடி. இரண்டு. பத்து. வெளியே யாரோ சோடா பாட்டில் பெட்டியை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜியாவுல்லாவின் தோள் தளர்ந்தது. மீட்டரைக் கண்டென்சரில் வைத்துக் காட்டினார். "பாரு, ஜீரோ. சுத்தமா காலி. இனி ஒரு பிரச்சினையும் கெடையாது."

அருணாதேவியின் முகம் வாடிப்போயிற்று. அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மீட்டரை எடுக்கப் போனார்.

மீட்டரில் இரண்டு என்று காட்டியது.

நான்கு.

பதினொன்று.

இருபத்தாறு.

பிளக் அவர் கையில் இருந்தது.

காலியான கண்டென்சரில் கொஞ்சம் கரண்ட் தானாக ஊறி வருவது உண்டு. எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். ஒரு வோல்ட், ரொம்பப் போனால் இரண்டு வோல்ட். இது நாற்பத்தைந்தில் போய் நின்றது. ரெசிஸ்டர் கறுத்தது. புகை ஒரு நூலாக எழுந்தது. மீன் கவுச்சி குப்பென்று அறையை நிறைத்தது.

"...ன்று. மாநிறம். வலது கை கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு. சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் சிவப்பு மூடி போட்ட பேனா. பெய..."

ரெசிஸ்டர் டப்பென்று வெடித்தது. குரல் அறுந்தது.

பரசுராமன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். ஜியாவுல்லாவின் சட்டையைப் பார்த்தான். பையில் இருந்த பேனாவைப் பார்த்தான். பிறகு பிளக்கைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலைப் பார்த்தான்.

"பாய்... உங்களையா தேடறான்?"

ஜியாவுல்லா பிளக்கைக் கீழே போட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அருணாதேவி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முந்தானையில் எதையோ ஏந்தி வந்தாள். பழைய ஆயிரம் வாட் செட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த கண்டென்சர்கள். நான்கு. ஒவ்வொன்றும் ஒரு சொம்பு அளவு இருந்தது. அவர் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"எல்லாத்தையும் சேருங்க."

"முடியாது," என்றார் ஜியாவுல்லா.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது.

அருணாதேவி அவரையே பார்த்தாள். "உங்க வாய்ல இந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லியே அண்ணா. கார்த்திகைக்கு முந்தின நாள்கூட அவரு வீட்டுக்கு வந்து சொன்னாரு. எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க, அண்ணன் ஒருத்தர்தான் முடியும்னாருன்னு."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. அயர்னை எடுத்தார். மணி நாலரை ஆகியிருந்தது. ஒவ்வொரு கண்டென்சராகப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, கனமான ஒயர் போட்டு ஈயம் வைத்தார். ஈயம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கடைசிக் காலைப் பிடித்திருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொல்ல ஆரம்பித்தார். அவன் சொல்லி இவர்கள் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. போலிக் கண்டென்சர், காலையில் அறுத்துப் பார்த்தது, ஆறு செட் வரிசை, சாவு வீட்டில் பையில் போட்டுக்கொண்டது, வோல்டேஜ் என்று சொன்னது எல்லாம்.

பரசுராமன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். "உங்க கையைப் புடிச்சிட்டு அழுதேனே பாய்," என்றான். அதையே மறுபடியும் சொன்னான்.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?" என்று கேட்டாள் அருணாதேவி.

"தெரிஞ்சேதான்."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிளக்கை அவளே எடுத்து மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஹம் இல்லை. துளிகூட இல்லை. முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான செட்டை ஜியாவுல்லா கேட்டதில்லை. அவர் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நம்பினார்.

அவள் அணைத்தாள்.

கூம்புக்குள் யாரோ மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. முருகவேல் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு.

"பெயர், ஜியாவுல்லா. இவர் எங்கிருந்தாலும் உடனடியாக நமது அறிவிப்பு நிலையத்திற்கு வந்து சேரவும். பார்த்தவர்கள் கையோடு அழைத்து வரவும். இவருக்காக முருகவேல் காத்துக்கொண்டிருக்கிறார்."

டொக் என்று மைக்கை அணைத்த சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

அருணாதேவி இன்னும் கூம்பின் பக்கமே காதை வைத்திருந்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்தாள். வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "ஒம்போது மாசமா கதவுல சாஞ்சிட்டு நிக்கறேன். எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. செத்தும் ஊர் வேலைதான்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. செட்டைக் காலால் தள்ளினாள். "எடுத்துக்கிட்டுப் போங்க. அவரு கூப்பிடறது உங்களத்தான். நீங்களே வெச்சுக்கிட்டுக் கேளுங்க!"

ஜியாவுல்லா செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்கூட்டரின் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டினார். பரசுராமன் உதவிக்கு வரவில்லை. பிளக் ஒயர் கீழே தொங்கியது. அதைச் சுருட்டிச் செருக அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் அந்த வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

வெயில் தாழ்ந்துவிட்டது. மலை உச்சி மட்டும் செம்மண் நிறத்தில் எரிந்தது. டவுனுக்குக் கிட்டமான பக்கம் தடுப்புப் போட்டு வண்டியை விடவில்லை. வேறு வழியில்லாமல் செங்கம் ரோடு பக்கம், கூட்டத்துக்கு எதிராக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஜனம் வர ஆரம்பித்திருந்தது. வெறுங்காலுடன், நெற்றியில் விபூதியுடன், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையைப் பார்த்தபடி வந்தார்கள்.

ஒரு பெண்மணி கடந்து போகும்போது அவர் சட்டையைப் பார்த்தாள். பிறகு திரும்பியும் பார்த்தாள்.

மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டார். இன்னும் பத்தடி போனார். பேரீச்சம்பழம் விற்கிறவன் ஹேண்டில்பாரில் இருந்த அவருடைய வலது கையையே உற்றுப் பார்த்தான். எதிரே வந்த ஒரு கும்பல் மொத்தமாக நடையைத் தளர்த்தியது. பேனாவைப் பையில் இருந்து எடுத்து வேட்டி மடிப்பில் சொருகினார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அப்படியும் கண்கள் அவரை விடவில்லை.

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்தார். பார்த்தாலே நல்ல மனிதர் என்று தெரிந்தது. ஜியாவுல்லாவின் முன்னால் வந்து நின்று, வண்டியை மெதுவாகப் பிடித்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்கதானே ஜியாவுல்லா?"

"யார் சொன்னது?" என்றார் ஜியாவுல்லா. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மைக்குல சொல்லிட்டே இருக்காங்களே. நாங்க ஆசிரமம் பக்கத்துலருந்து வர்றோம். அங்கேருந்தே கேக்குது."

ஆசிரமம் அங்கிருந்து எத்தனை மைல்! பரசுராமனின் கூம்பு நூறு அடிக்கு மேல் கேட்காது. அந்தக் கூம்பும் வீட்டுக்குள் ஒயர் இல்லாமல் கிடக்கிறது. செட் இதோ, அவர் வண்டியில், பிளக் தரையில் இழுபட.

"இல்ல, நான் இல்ல..."

"அட, இப்பக்கூடச் சொல்றாங்க பாருங்க," என்றார் அந்த மனிதர், தலையைச் சாய்த்து.

சாலையில் இருந்த எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். குழந்தைகள்கூட. ஜியாவுல்லாவும் கேட்டார். அவர் காதில் மட்டும் எதுவும் விழவில்லை. காற்று, ஆயிரம் வெறுங்கால்கள் ஒரே நேரத்தில் நின்றுபோன அமைதி, அவ்வளவுதான்.

பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஜனம் மெல்லத் திரும்பி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தது. அங்கிருந்து ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நல்ல மனிதர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது, ஆனால் முகத்தில் அத்தனை கனிவு. அவர் மனைவி வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்து, வந்த வழியே திருப்பினாள்.

"பயப்படாதீங்க, நாங்க கூட்டிட்டுப் போய் விட்டுடறோம்," என்றார் அவர். "பாவம், ரொம்ப நேரமா வெளியவே நின்னு காத்துட்டு இருக்காராம்."